காலை ஏழு மணிக்கு ஒரு வேலை: தறியை விற்ற 52 வயதுக்காரரின் உடல்நிலை பற்றிய நிகழ்வு ஆய்வு

திருப்பூர், கோவை மாவட்டங்களின் பல்லடம், சோமனூர், மங்கலம், அவிநாசி வட்டாரத்தில் தறிக்குடோனை, அதாவது விசைத்தறிகள் ஓடும் கொட்டகையை, மூடிவிட்டு வீட்டில் இருக்கும் நடுவயதுக்காரர்கள் பலரிடம் ஒரே வரிசையில் சிக்கல்கள் வருகின்றன. அவற்றைச் சேர்த்து ஒரே ஆளின் நிகழ்வாக இங்கே எழுதியிருக்கிறோம். இவர் தனி ஒரு மனிதர் அல்லர். இவருடைய எண்கள் பாடத்துக்காக அமைக்கப்பட்டவை. மருத்துவ எல்லை அளவுகளும் ஆய்வு முடிவுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

ஆள்

வயது 52. எட்டுத் தறி வைத்து, ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) வாங்கிக் கூலிக்குக் காடா துணி (வெளுக்காத துணி) நெய்து கொடுத்தவர். கூலி உயராத வருடங்கள், 2022 செப்டம்பரில் ஏறிய மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை எல்லாம் சேர்ந்தபோது தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றார். குடோன் இப்போது ஒரு பனியன் கம்பெனிக்குச் சரக்கு வைக்க வாடகைக்குப் போயிருக்கிறது. மகன் பெங்களூரில் வேலை. மகளுக்குத் திருமணமாகிவிட்டது. மனைவிக்கு வயது 47. கடன் இல்லை. வாடகையில் குடும்பம் ஓடுகிறது. ஊரார் கணக்கில் இவர் கரையேறிய ஆள்.

உடல் சொன்ன கணக்கு வேறு. உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ, பிஎம்ஐ 29. இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல்பருமன் என்று வைக்கிறோம். இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. (ஆண்களுக்கு எல்லை 90). ரத்த அழுத்தம் 148/92. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.4 சதவீதம். சர்க்கரை நோய் கண்டுபிடித்து நான்கு வருடம் ஆகிறது. சர்க்கரைக்கு மெட்பார்மின் 500 மி.கி. இருவேளை, காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. ஆகியவை எழுதப்பட்டிருந்தன.

எழுதியது ஒன்று, விழுங்கியது ஒன்று. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மாதம் ஒருமுறை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாதக் கடைசியில் தன்னார்வலர் டப்பாவைக் கொட்டி எண்ணினால் 60 மெட்பார்மினில் 27 அப்படியே இருந்தன.

“ஏனுங்ணா, இத்தனை மிச்சம் இருக்குது?”

“சாப்பாடே நேரத்துக்கு இல்லீங் அம்மிணி. மாத்திரை எங்க நேரத்துக்கு?”

இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். 28 வருடம் காலை ஆறு மணிக்கு ஷிப்டு மாற்றியவர் இவர். நேரம் தவறாத ஆளுக்கு நேரமே இல்லாமல் போனது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் நோயைத் தேட வேண்டும்

“எதுலயும் மனசு ஒட்டறதில்லீங்” என்று ஒருவர் சொன்னதும் வாழ்க்கையின் நோக்கம் பற்றிப் பேச ஆரம்பிப்பது பெரிய தவறு. தைராய்டு குறைந்தாலும், ரத்தம் குறைந்தாலும், தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும், மனச்சோர்வு நோய் இருந்தாலும் மனிதர் இதையேதான் சொல்வார். எனவே தைராய்டுக்கான டிஎஸ்எச், ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், கொழுப்பு அளவுகள், இசிஜி, விழித்திரைப் பரிசோதனை, பாத உணர்ச்சிப் பரிசோதனை அனைத்தும் முதல் இரண்டு வாரத்தில் முடிக்கப்பட்டன. மெட்பார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையும் என்பதால் அதுவும் பார்க்கப்பட்டது. 168 இருந்தது, 200க்குக் கீழே என்றால் குறைவு. காலில் மதமதப்பு என்று இவர் சொன்னதற்குச் சர்க்கரையோடு இதுவும் காரணமாக இருக்கலாம். பி12 மாத்திரை தொடங்கப்பட்டது.

மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விப் பட்டியலில் 27க்கு 9 மதிப்பெண் வந்தது. 10ஐத் தொட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது பற்றி முடிவெடுக்க வேண்டும். கடைசிக் கேள்வி, அதாவது செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பதற்கு ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலைத் தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எத்தனையானாலும் அன்றைக்கே அனுப்ப வேண்டும். இவருக்கு அங்கே பூஜ்யம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேட்பது என்று முடிவானது.

காதுப் பரிசோதனையைப் பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதில்லை. தறிக்காரருக்கு அது கட்டாயம். நாடா, அதாவது ஊடை நூலைச் சுமந்து தறியில் இங்கும் அங்கும் ஓடும் கட்டை, அடிக்கும் சத்தத்தில் காலம் கழித்த காது, 4000 ஹெர்ட்ஸ் அருகே முதலில் பழுதாகும். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. கல்யாண மண்டபத்திலும் டீக்கடையிலும் நாலு பேர் சேர்ந்து பேசும்போது ஒன்றும் விளங்காது. திரும்பத் திரும்ப “என்னங்?” என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு போவதையே குறைத்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதற்கு ‘விரக்தி’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இவருக்கு இரு காதிலும் மிதமான கேள்விக்குறைவு இருந்தது. மனைவி அருகே வந்து முகம் பார்த்துப் பேச வேண்டும், டிவி ஓடும்போது பேசக் கூடாது என்ற இரண்டு ஏற்பாடுகள் அன்றே செய்யப்பட்டன. காது கருவிக்கு மூன்று மாதம் கழித்துச் சம்மதித்தார்.

உடல் வலுவுக்கு மூன்று எளிய சோதனைகள். கையைக் குறுக்கே மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது: 10. 60 முதல் 64 வயது ஆண்களுக்கே 14க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். ஆறு மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்கும் நேரம்: 6.4 நொடி, அதாவது நொடிக்கு 0.94 மீட்டர். ஆசிய நாடுகளுக்கான தசைக்குறைவு வரையறையில் 1.0க்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். கைப்பிடி வலு 29 கிலோ; ஆண்களுக்கு எல்லை 28. பாவு நூல் சுற்றிய கனமான பீம் தூக்கிய கை இது.

அதற்கு முன் தோற்ற இரண்டு வழிகள்

கடந்த வருடம் ஒரு மருத்துவர் தினம் 45 நிமிடம் நடக்கச் சொன்னார். சரியான அறிவுரை. வாரம் 150 நிமிடம் மிதமான உழைப்பு என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டியும் போகும். ஆனால் இவர் நடை பேக்கரியில் முடிந்தது. எண்பது கிலோ ஆள் 45 நிமிடம் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 200 கலோரி. ஒரு தேங்காய் பன்னும் சர்க்கரை போட்ட டீயும் அதைத் திருப்பிக் கொடுத்ததோடு மேலும் சேர்த்துவிடும். மழை பெய்தது, நாய் துரத்தியது, ஒரு நாள் விட்டது, பிறகு நின்றே போனது. இவர் நடக்கவில்லை என்றால் உலகத்தில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. அந்த நடை நின்றதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது வழி எல்லாரையும் ஏமாற்றக்கூடியது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டியில் இவரைச் சேர்த்தார்கள். ஆள் மாறிவிட்டார் என்று வீடே மகிழ்ந்தது. உற்சாகம் உண்மையானதுதான். ஆனால் வேலை என்பது வசூலுக்குக் காரில் போவது, வீடு வீடாக டீ, இரவு பதினோரு மணி வரை கூட்டம், நாள் தவறாமல் அன்னதானச் சாப்பாடு. டீ ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தாலும் ஏழு டீயில் சுமார் 70 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடும். கும்பாபிஷேகம் முடிந்து 48 நாள் மண்டல பூஜையும் முடிந்த மறுவாரம் கமிட்டி கலைந்தது. எச்பிஏ1சி 7.6லிருந்து 8.4 ஆனது அந்தக் காலத்தில்தான்.

இந்த இரண்டாவது தோல்வியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மனசுக்கு நோக்கம் கிடைத்தது. அதில் உடம்புக்கு இடமில்லை, தூக்கத்துக்கு வேலி இல்லை, முடிந்த பிறகு அடுத்தது என்ன என்ற யோசனையும் இல்லை. நோக்கம் இருந்தாலே உடம்பு தேறிவிடும் என்று நம்புகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது எவ்வளவு

வாழ்க்கைக்குப் பொருள் இருப்பதாக உணர்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்ற கண்டுபிடிப்பு பல நாடுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஜப்பானின் ஓசாகி பகுதியில் 40 முதல் 79 வயது வரையுள்ள 43,391 பேரை ஏழு வருடம் தொடர்ந்தார்கள். ‘வாழ்வதற்கு ஒரு பிடிப்பு இருக்கிறது’ என்று சொல்லாதவர்களிடம் இறப்பு கூடுதல். குறிப்பாக இதய, ரத்தக்குழாய் நோய்களால். அமெரிக்காவில் நடுவயதை ஆராயத் தொடங்கப்பட்ட ஒரு தொடராய்வில் 6,163 பேரை 14 வருடம் பார்த்தபோது, நோக்க உணர்வால் கிடைத்த நன்மை இளையவர், நடுவயதினர், முதியவர் மூன்று தரப்பிலும் இருந்தது. வேலையில் இருப்பவரா ஓய்வு பெற்றவரா என்பதால் அது மாறவில்லை. 2016இல் பத்து ஆய்வுகளை, 1,36,000க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை ஒன்றாக்கிப் பார்த்ததில் இறப்பு அபாயம் ஏறக்குறைய 17 சதவீதம் குறைவாக வந்தது. 2017இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படும்: ஐம்பதைக் கடந்தவர்களில் நோக்க உணர்வு கூடியவர்களுக்குக் கைப்பிடி வலுவும் நடைவேகமும் பலவீனமாகும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

இவை எல்லாம் பார்த்துப் பதிவு செய்த ஆய்வுகள். உடம்பு நன்றாக இருப்பவருக்குத்தான் நோக்கம் எளிதில் வாய்க்கும் என்று திருப்பியும் படிக்கலாம். ஆய்வாளர்கள் தொடக்க உடல்நிலையைக் கணக்கில் கழித்துத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் மாத்திரையைப் போல ‘நோக்கம் கொடுத்தோம், ஆயுள் கூடியது’ என்று நிரூபித்ததாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வழி என்ன என்பதில் ஓரளவு தெளிவு இருக்கிறது. நோக்கம் உள்ளவர் அதிகம் அசைகிறார், நோய் வரும் முன்பே பரிசோதனைக்குப் போகிறார். தசை சுருங்கும்போது அதன் செல்கள் இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். சாப்பிட்ட பின் 15 நிமிடம் நின்று நடமாடினாலே ஏறும் சர்க்கரை தணிவது இதனால்தான். எட்டுத் தறிக்கு நடுவே நாளெல்லாம் நடந்து, குனிந்து, நூல் பிணைத்து, நாடா மாற்றிக்கொண்டிருந்த உடம்புக்கு அந்த அசைவு முழுவதும் ஒரே வாரத்தில் நின்றுபோனது. சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே தொடர்ந்தது. போனின் நடைக்கணக்கு நாளுக்கு 2,100 காட்டியது.

ஏழு நாள் ஏடு

“உங்க வாழ்க்கைக்கு நோக்கம் என்னங்?” என்று கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் “புள்ளைங்க நல்லாருந்தாப் போதுங்” என்பார்கள். மனமாரச் சொல்லும் பதில். ஆனால் பிள்ளைகள் பெங்களூரில் நன்றாக இருப்பதற்காக நாளைக் காலையில் இவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு நோக்கம் உடம்பைத் தொட வேண்டுமானால் அதற்குக் குறித்த ஒரு நேரமும், கை கால் செய்ய வேண்டிய ஒரு வேலையும், வரவில்லையென்றால் தேடுகிற ஒரு ஆளும் வேண்டும்.

எனவே நேரடியாகக் கேட்காமல் ஏடு போடப்பட்டது. சாதாரணக் கோடு போட்ட நோட்டில் நான்கு பத்தி: நேரம், இடம், யார் கூட, உட்கார்ந்தா நின்றா. ஏழு நாள். எழுதச் சலித்தால் மனைவி கேட்டு எழுத வேண்டும். ஏட்டில் கருத்து எழுதக் கூடாது. “சும்மா இருந்தேன்” என்று எழுதாமல் “திண்ணை, தனியா, உட்கார்ந்து, போன்” என்று எழுத வேண்டும்.

ஆறு நாள் ஒரே மாதிரி இருந்தது. எட்டு மணிக்கு எழுவது, டீக்கடை, பத்தரைக்குச் சிற்றுண்டி, மதியத் தூக்கம், மாலை மறுபடி பேக்கரி, பன்னிரண்டு வரை போன். புதன்கிழமை மட்டும் வேறு. பக்கத்துத் தோட்டத்துக் குடோனிலிருந்து ஒரு வடநாட்டுப் பையன் வந்து கூப்பிட்டிருக்கிறான். நாடா தறியை விட்டு வெளியே பறக்கிறது. போய்ப் பார்த்தவர், நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்திருந்ததையும் அடி விழும் நேரம் தள்ளிப்போயிருந்ததையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. முழுவதும் ‘நின்று’. அன்று மதியம் தூக்கம் இல்லை. ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, மாத்திரை. இரவு பத்துக்குப் படுக்கை. பையன் மறுநாளும் வந்து வாசலில் நின்றதை மனைவிதான் சொன்னார்.

அந்தப் புதன்கிழமையை வைத்துத்தான் திட்டம் போடப்பட்டது.

திட்டம்

அந்த வட்டாரத்தில் இன்னும் ஓடும் மூன்று சிறு குடோன்களுக்கு நிரந்தர ஃபிட்டர் (தறியைப் பழுது பார்ப்பவர்) கிடையாது. காலை ஷிப்டு தொடங்கியதும் ஏழு மணிக்கு முதல் குடோன், எட்டுக்கு இரண்டாவது, ஒன்பதுக்கு மூன்றாவது. பத்து மணிக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்கூட்டர் வேண்டாம், சைக்கிள். மூன்றையும் சுற்றி வர நாலரை கிலோமீட்டர். இரண்டு இளைஞர்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுத்தர வேண்டும். சொல்லித்தருவதற்கு முன்பு தானே ஒருமுறை குனிந்து செய்துகாட்ட வேண்டியிருப்பதால், தசைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

காசு விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. “பங்காளிக கிட்டக் காசு வாங்கறதுங்களா” என்று இவர் மறுத்தார். இரண்டே வாரத்தில் குடோன்காரர்கள் கூப்பிடத் தயங்கினார்கள். சும்மா செய்கிறவரைத் தினமும் எப்படிக் கூப்பிடுவது? மாதச் சிறு தொகை பேசி முடித்த பிறகு தயக்கம் போய்விட்டது. ஐந்து நிமிடம் தாமதமானாலும் போன் வந்தது. இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் சிறு கூலி வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. தொகைக்காக அல்ல, உரிமையோடு எதிர்பார்க்க வேண்டும் என்பதற்காக.

மருந்தும் சாப்பாடும் இந்த நேரத்தோடு கட்டப்பட்டன. ஆறரைக்கு முதலில் சாப்பாடு: இரண்டு இட்லியோ ஒரு தட்டுச் சந்தகையோ (இடியாப்பம் போன்றது), கூட ஒரு முட்டை அல்லது ஒரு கரண்டி கெட்டியான கொள்ளுப் பருப்பு. கொள்ளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம். தசை தேற இவருக்கு நாளுக்கு 75 முதல் 80 கிராம் புரதம் தேவை. வழக்கமான அரிசியும்பருப்புச் சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைப் பாதியாக்கினால் ஒரு வேளையில் 15 கிராம் வந்துவிடும். மோர், நிலக்கடலை, முட்டை கொண்டு மீதியை நிரப்பலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. கிரியேட்டினின் பார்க்காமல் யாரும் கூட்டக் கூடாது. டீ சர்க்கரை இல்லாமல் நாளுக்கு இரண்டு.

எங்கெல்லாம் வழுக்கியது

ஐந்தாவது வாரம் ஒன்பதரை மணிக்குத் தறி முன்னால் நின்றவருக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்தது. குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை 58, மிகக் குறைவு. முதல் நாள் இரவு விருந்துக்குப் போய்விட்டு, காலையில் பசி இல்லை என்று கிளிமிபிரைடு மட்டும் போட்டுக்கொண்டு வெறும் டீயோடு வந்திருக்கிறார். அசைவு கூடும்போது பழைய அளவு மாத்திரை உடம்புக்கு மிகையாகிவிடும் என்பதை முதல் நாளே எச்சரித்திருக்க வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரைகளில் இப்படிச் சர்க்கரை இறங்கும் அபாயம் அதிகம்; மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்கு மிக அரிது. ஓடும் தறியின் பக்கத்தில் தலை சுற்றினால் விரல் போய்விடும்.

70க்குக் கீழே போனால் செய்ய வேண்டியது: உடனே உட்கார்ந்து, மூன்று ஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிப்பது. ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் திரும்ப இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்த வாரமே மருத்துவர் கிளிமிபிரைடை 1 மி.கி. ஆக்கினார், நான்காம் மாதம் நிறுத்தினார். மெட்பார்மின் 1000 மி.கி. இருவேளையாக உயர்ந்தது. குடோன் அலமாரியில் குளுக்கோஸ் பாக்கெட் வைக்கப்பட்டது. பையன்கள் இருவருக்கும் அறிகுறி சொல்லித்தரப்பட்டது.

பாதம் அடுத்த தொல்லை. குடோனுக்குள் செருப்போடு போகும் வழக்கம் பல இடங்களில் இல்லை. தொழில் நடக்கும் இடம் என்ற மரியாதை. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இந்த மரியாதை ஆபத்து. உடைந்த நாடாவின் சிம்பும் கம்பித் துண்டும் தைத்தாலும் தெரியாது. வழக்கத்தோடு சண்டை போடாமல், குடோனுக்குள் மட்டும் போட ஒரு கேன்வாஸ் ஷூ தனியாக வாங்கி அங்கேயே வைக்கப்பட்டது. யாரும் மறுக்கவில்லை. இரவில் உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பார்ப்பது மனைவியின் மேற்பார்வையில் நடந்தது.

காதுக்கு நுரை அடைப்பான். தறிக்காரர்கள் இதை விரும்புவதில்லை. சத்தத்தை வைத்துத்தான் தறியின் நோவு தெரியும் என்பார்கள். நியாயமான வாதம். அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் தணித்தாலும் சத்தத்தின் மாற்றத்தை மறைப்பதில்லை. ஒரு வாரம் பழகினால் பிடிபடும். பலருக்கு அது வேலை செய்யாததற்குக் காரணம் போடும் முறை. இரு விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் தாங்க வேண்டும். பாதி வெளியே துருத்தி நின்றால் பயனில்லை.

பொங்கல் விடுமுறையில் தறிகள் நின்றபோது பழைய பழக்கங்கள் மூன்றே நாளில் திரும்பின. எட்டு மணி எழுச்சி, பேக்கரி, விட்டுப்போன மாத்திரை. ஒரே தூணில் கட்டிய பந்தல் அது. அந்த வாரம்தான் இரண்டாவது பிடிமானம் தேடப்பட்டது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க ஆசைப்பட்டார். வெறுங்காலில் நடப்பதற்குச் சம்மதம் தரப்படவில்லை. வேண்டுதலைக் காலுறையும் ஷூவும் போட்டு நிறைவேற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டார், கடைசி ஒரு நாள் நடை மட்டும்.

மனைவியின் ஏடும் கும்மியும்

அதே ஏட்டை மனைவியும் எழுதினார். காலை நாலே முக்கால் முதல் இரவு பத்தேகால் வரை ‘நின்று’ என்ற பத்தி நிறைந்திருந்தது. மாமியார், மாடு, சமையல், மகளின் பிரசவத்துக்கான ஏற்பாடு. அவரைத் தேடாத ஆளே இல்லை. நோக்கத்துக்குக் குறைவில்லாத அந்த உடம்பில் ஹீமோகுளோபின் 9.2. வாங்கி வைத்த இரும்புச்சத்து மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது. பெண்களிடம் நோக்கத்தைக் கூட்டு என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு வேலையைக் கழிக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் சாயங்காலப் பாத்திரமும் கணவரிடம் போயின. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்க்காமல், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தார். மாதவிடாய் நிற்கும் வயதில் அதிக உதிரப்போக்கு இருந்ததால் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்.

இருவரும் நான்காவது மாதம் ஊர்க் கோயில் மைதானத்தில் வள்ளிக்கும்மிப் பயிற்சிக்குப் போகத் தொடங்கினார்கள். கொங்கு முழுவதும் இப்போது மீண்டும் ஓங்கியிருக்கும் ஆட்டம் இது. பெண்களுக்கும் கற்றுக்கொடுத்துப் பரப்பிய காரமடைப் பகுதி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாரம் மூன்று மாலை, ஒன்றரை மணி நேரம். ஆசிரியர் பாட, ஆடுகிறவர்கள் அடி பெயர்த்துக் குனிந்து நிமிர்ந்து கைகொட்டித் திருப்பிப் பாட வேண்டும். ஒரு உழைப்பு மிதமானதா என்று அறிய எளிய வழி உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகமான அடிகளில் பதில் அடியைப் பாட மூச்சு வராவிட்டால் வாயை மூடிக் காலை மட்டும் போட வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் சிமெண்ட் தரையைத் தவிர்த்து மண்தரையில் ஆட வேண்டும். குதிக்கும் அடிகளுக்குப் பதில் நடை அடி. வட்டத்தில் இடம் காலியாக இருந்தால் பக்கத்தில் ஆடுகிறவருக்கு அடி தவறும். அதனால் வராதவர் வீட்டுக்குப் போன் போகும். ஒருவரையொருவர் பார்த்து ஆடுவதால் காது மந்தமானவருக்கும் இந்தக் கூட்டத்தில் இடமுண்டு.

பன்னிரண்டு மாதம்

ஆறு மாதத்தில் எடை 78.5, ஒரு வருடத்தில் 77. இடுப்பு 95 செ.மீ.; இன்னும் எல்லைக்கு மேலேதான். எச்பிஏ1சி 7.3, பிறகு 6.9. ரத்த அழுத்தம் 132/82. நாற்காலிச் சோதனை 10லிருந்து 16. ஆறு மீட்டர் நடை 5.2 நொடி. கைப்பிடி 32 கிலோ. மனச்சோர்வுப் பட்டியல் 4. மாதக் கடைசியில் மிஞ்சும் மாத்திரை மூன்றுக்கு மேல் போகவில்லை. நடைக்கணக்கு சாதாரண நாளில் 7,000 அளவில்.

இதில் எவ்வளவு நோக்கத்தால், எவ்வளவு மருந்தால் என்று பிரிக்க முடியாது. மெட்பார்மின் அளவு உயர்ந்தது, மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது, டீச் சர்க்கரை நின்றது, தூக்கம் முன்னுக்கு வந்தது. ஆனால் இந்த நான்கையும் முந்தைய வருடமும் இவரிடம் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு ஆள் காத்திருந்தபோதுதான் அவை நடந்தன.

சரியாகாதவையும் உண்டு. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு குறையவில்லை, அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கப்பட்டது. பாதத்தில் பெருவிரல் அடியில் உணர்ச்சி திரும்பவில்லை. மூன்று குடோன்களில் ஒன்று தறிகளை விற்கும் யோசனையில் இருக்கிறது. அது மூடினால் காலைச் சுற்று ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை மூடுவதற்கு முன்பே முடிவு செய்ய, அரசு ஐடிஐ ஒன்றில் பயிற்சிக்கு உதவ முடியுமா என்று கேட்கப்பட்டிருக்கிறது. எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விழித்திரை, சிறுநீர் ஆல்புமின், பாத உணர்ச்சி, காது ஆகியவை வருடம் ஒருமுறை. இவற்றுக்கான நாள் குடோன் விடுமுறையான ஆயுத பூஜை வாரத்தில் குறிக்கப்பட்டுள்ளது.